பக்க அறையில் ஓடிய தொலைக்காட்சி

என் மனைவியின் தலைத் திவசத்தன்று எங்கள் வீட்டில் நடந்ததைப் பற்றித் தெருவில் இரண்டு கதைகள் உலவுகின்றன. கோபத்தில் நான் கம்ப்யூட்டரைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன் என்பது ஒன்று. சிராத்தம் நடந்துகொண்டிருந்தபோது தொலைக்காட்சியை அலறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது மற்றொன்று. இரண்டும் பொய். பொருளை உடைக்கிற பழக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. சிராத்தத்தன்று தொலைக்காட்சி பார்க்கும் குடும்பத்தில் நான் பிறக்கவும் இல்லை. கணிதத்தில் பட்டம் பெற்று, தணிக்கை அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பிறர் எழுதியவற்றில் பிழை காண்பதே என் தொழிலாக இருந்தது. என்னைப் பற்றி ஒரு பிழை திருத்தப்படாமல் நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மலையாள ஊரில், பழைய கோட்டைக்குள் இருக்கும் தமிழ்த் தெரு எங்களுடையது. வீடுகள் சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் சுக்குக் கஷாயம் கொதிக்கும். இங்கே ஒருவருடைய மகன் வருகிறான் என்றால் தெருவுக்கே வருகிறான். வரவில்லை என்றாலும் அப்படித்தான்.

எங்களுக்கு ஒரே மகன். அமெரிக்காவின் மேற்குக் கரையில் குடும்பத்தோடு இருக்கிறான். அவன் தாயார் இறந்த செய்தி கேட்டதும் கிடைத்த விமானத்தில் ஏறித் தனியாக வந்தான். கொள்ளி வைத்தான், பதின்மூன்று நாள் காரியங்களையும் ஒழுங்காகச் செய்தான். அதில் நான் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. புறப்படும் நாளில், வாசலில் கார் நிற்கையில், எதிர்வீட்டுக்காரர் முன்னிலையில் என்னிடம் சொன்னான்:

"தலைத் திவசத்துக்கு நாங்க எல்லாரும் வந்துடுவோம்பா. குழந்தையையும் அழைச்சிண்டு வரேன்."

தாயார் மறைந்து ஓராண்டு நிறையும் திதியில் மகன் தன் கையால் பிண்டம் வைக்க வேண்டும். அதை அவனே வந்து செய்வதாக அவனாகச் சொன்னான். நான் கேட்கவில்லை. சொன்ன பிறகு நான் அதைத் தெருவில் நாலு பேரிடம் சொன்னேன். ஒரு தகப்பன் சொல்லக்கூடியதுதான்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் அவன் இன்னொன்றும் சொல்லியிருந்தான். அவர்கள் ஊரில் தமிழ், மலையாள அலைவரிசைகள் ஒழுங்காகக் கிடைப்பதில்லையாம். கிடைப்பவையும் அரைகுறையாம். நம் வீட்டு டிஜிட்டல் கேபிளை நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் வாங்கி, அங்கிருந்து இணையம் வழியாக அவன் வீட்டுக்கு அனுப்ப முடியும், அவன் அங்கிருந்தே அலைவரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்றான்.

"நீங்களும் தனியா இருக்கேள். நாம எல்லாரும் ஒரே டிவி பாத்த மாதிரி இருக்கும்" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியத்திற்காகவே நான் சம்மதித்தேன். மற்றபடி எனக்குத் தயக்கம் இருந்தது. கேபிள்காரர் கொடுத்த நிபந்தனைத் தாளை எடுத்து ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். சந்தாதாரரின் குடும்ப உபயோகத்திற்கு மட்டும் என்று இருந்தது. மகன் குடும்பம்தான் என்று முடிவு செய்தேன். பணிக்காலத்தில் இப்படிப்பட்ட விளக்கத்தை யாராவது எழுதி அனுப்பியிருந்தால் நான் ஆட்சேபம் எழுப்பியிருப்பேன்.

அவன் ஊர் போய்ச் சேர்ந்ததும் பொருள்கள் ஒவ்வொன்றாக வந்தன. மனைவி படுத்திருந்த பக்க அறையைக் காலி செய்து, அவளுடைய மருந்து மேசையில் கம்ப்யூட்டரை வைத்தேன். முதலில் கேபிள் வயரை நேராகக் கம்ப்யூட்டருக்குள் செலுத்தும் ஒரு கார்டைப் பொருத்திப் பார்த்தேன். தேடச் சொன்னதும் அலைவரிசைகளின் பெயர்கள் வரிசை வரிசையாகத் திரையில் வந்து விழுந்தன. எதைத் தொட்டாலும் கறுப்பு. பெயர் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றுமில்லை. எல்லாம் பூட்டப்பட்டவை என்பதும், பூட்டைத் திறக்கும் சாவி கேபிள்காரர் கொடுக்கும் செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கிறது என்பதும் எனக்கு உடனே விளங்கிற்று. கூடத்துத் தொலைக்காட்சிக்கு ஒரு பெட்டி இருக்கிறது. கம்ப்யூட்டருக்கென்று இரண்டாவது பெட்டி ஒன்று கேட்டேன்.

பெட்டி கொண்டுவந்தவர் களியக்காவிளைப் பக்கத்துக்காரர். எங்கள் தெரு முழுவதற்கும் அவரே வருவார். வாய் சும்மா இருக்காது.

"சாரே, ஒத்தையாளுக்கு ரெண்டு பெட்டி என்னத்துக்கு? ஒரு கண்ணுக்கு ஒண்ணா?"

"உமக்குச் சந்தா வந்தால் போதுமே."

"அது மதி சாரே. கேட்டேன்னு மட்டும். இந்த வயசில சாரு ராத்திரி பகலா சீரியல் பாக்கப்போறீரோன்னு நெனச்சேன்." அவர் ரசீது எழுதி முடிப்பதற்குள் பெட்டியின் முன்பக்கத்தில் நான் ஒட்டிவிட்டிருந்ததைக் குனிந்து பார்த்தார். "இது என்னது, பெட்டிக்குப் பிளாஸ்திரி? அடிபட்டுப்போச்சா?"

அது மகன் அனுப்பிய சிறிய குமிழ். ரிமோட்டிலிருந்து வருவதுபோன்ற கண்ணுக்குத் தெரியாத ஒளியை அது தரும். மகன் அங்கே பொத்தானை அழுத்தினால் கட்டளை இணையத்தில் வந்து, கம்ப்யூட்டர் வழியாக இந்தக் குமிழுக்குப் போய், பெட்டியை மாறச் சொல்லும். அதை ஒட்டுவதற்கு வேறு நாடா இல்லாததால் மனைவிக்கு ஊசி போட்ட இடத்தில் ஒட்டும் பிளாஸ்திரியையே எடுத்தேன். கேபிள்காரரிடம் இதையெல்லாம் நான் விளக்கவில்லை. "பழுதொன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பெட்டியின் பின்புறத்திலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வயர்கள் ஒரு சிறு கருவிக்குள் போயின. கருவி கம்ப்யூட்டரில் செருகப்பட்டது. அதன்பின் மென்பொருள், கடவுச்சொல், பிராட்பேண்ட் பெட்டியில் ஒரு வாசல் திறப்பது என்று சில்லறை வேலைகள் பல இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மகன் ஃபோனில் வந்தான். எனக்கு மாலை, அவனுக்கு விடிந்த நேரம்.

"மஞ்சள் வயர் எதுல இருக்குப்பா?"

"மஞ்சள்லதான் இருக்கு. எனக்கு நிறம் தெரியும்."

"கோச்சுக்காதீங்கோ. பச்சை லைட் எரியறதா?"

"எரியறது."

"மினுக்கறதா, நின்னு எரியறதா?"

"நின்னு."

"பின்னே என்ன, ஆயிடுத்து. அம்மா இருந்தா நம்பவேமாட்டா. 'உங்கப்பா ஃபேன் ஸ்விட்சே போடத் தெரியாதவர்'னு சொல்லுவா."

"அவளுக்கென்ன தெரியும்" என்றேன்.

அந்த வாரங்களில் அவன் என்னோடு பேசியதைப் போல, அவன் கல்லூரிக்குப் போன காலத்திலிருந்து பேசியதில்லை. கடையில் வாங்க வேண்டிய ஒரு வயருக்காக நான் பழவங்காடி வரை நடந்து போய் வந்ததைக்கூட அவன் விவரமாகக் கேட்டான். எந்தக் கடை, அந்தப் பழைய கடையா, அதில் யார் இருக்கிறார்கள் என்று. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரம் எனக்கு இருக்கவில்லை.

முடிந்த நாளில், "இப்போ நீங்க ஒண்ணும் தொடாதீங்கோ, பாத்துண்டே இருங்கோ" என்றான். திரையில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செய்தி மறைந்து பாட்டு வந்தது. பாட்டு மறைந்து கிரிக்கெட் வந்தது. அத்தனை தொலைவிலிருந்து அவன் விரல் எங்கள் வீட்டுப் பக்க அறைக்குள் வந்து மாற்றியது. நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

பிறகு, காலையில் குளித்து ஜபம் முடித்துக் காப்பியோடு பக்க அறையில் உட்காருவது என் வழக்கமாயிற்று. அங்கே அப்போது முன்னிரவு. அவர்கள் பார்ப்பதை நானும் பார்ப்பேன். சத்தத்தை மிகவும் குறைத்து வைத்துக்கொள்வேன். சில வாரங்களில் யார் கையில் ரிமோட் இருக்கிறது என்று சொல்லும் அளவுக்குத் தேர்ந்துவிட்டேன். கார்ட்டூன் என்றால் பேரன். ஒரே தொடரில் விளம்பரத்துக்கும் அசையாமல் நின்றால் மருமகள். கிரிக்கெட்டுக்கும் பழைய பாட்டுக்கும் நடுவே தாவிக்கொண்டிருந்தால் மகன். பாட்டு நல்ல இடத்துக்கு வரும்போது மாற்றிவிடுவான். அது அவன் தாயாரின் குணம். ஓராண்டு காலம் என் பேரனை நான் ஒரு கார்ட்டூன் அலைவரிசையாகவே அறிந்திருந்தேன். அவன் உறங்கப்போகும் நேரமும், இங்கே நள்ளிரவில் கார்ட்டூன் ஓடினால் அவன் காய்ச்சலில் பள்ளிக்குப் போகாத நாள் என்பதும் எனக்குத் தெரியும். குரல் தெரியாது.

ஏனென்றால், பொருத்தும் வேலை முடிந்ததோடு பேச்சும் முடிந்துவிட்டது. ஃபோன் வந்தால் இப்படித்தான் வரும்:

"அப்பா, பெட்டி ஹேங் ஆயிடுத்து. ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கோ."

பண்ணுவேன்.

"ஆச்சு, வந்துடுத்து. தாங்க்ஸ்பா."

ஆரம்பத்தில் அதற்குப் பிறகு "சாப்ட்டேளா" என்று ஒரு கேள்வி இருந்தது. பின்னர் அது உதிர்ந்துவிட்டது. கரண்டு போனாலோ பெட்டி நின்றாலோ சில நிமிடங்களுக்குள் அவன் ஃபோன் தவறாமல் வரும். மற்றபடி நானாக அழைத்தால் பாதி நாள் எடுக்கமாட்டான். இந்த வேறுபாட்டை நான் மனத்தில் குறித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

திவசம் நெருங்க நெருங்க, பயணச் சீட்டு வாங்கியாயிற்றா என்று எதிர்வீட்டுக்காரர் விசாரிக்கத் தொடங்கினார். அவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெண் நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். அதை அவர் ஒரு பதக்கம்போல் அணிந்திருப்பார்.

"எந்தா ஓய், பிள்ளை எப்போ வரான்? டிக்கெட் எடுத்தாச்சாக்கும்?"

"எடுத்துடுவான்."

"கடைசி நேரத்துல எடுத்தா விலை ஜாஸ்தியாகும், சொல்லும் அவன்கிட்ட."

"அவன் விலை பார்க்கிறவன் இல்லை."

"அதுசரி. நம்ம பொண்ணு பாருங்கோ, கூப்பிடற தூரம். எனக்கு டிக்கெட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

ஒருநாள் காலை நான் மகனை அழைத்தேன். அதிசயமாக எடுத்தான். பக்க அறையில் என் எதிரே திரை ஓடிக்கொண்டிருந்தது. கிரிக்கெட்.

"அப்பா, நான் ஆபீஸ்ல இருக்கேன். இன்னும் கிளம்பலை. சொல்லுங்கோ."

"திதி நெருங்கறது. டிக்கெட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே நீ."

"லீவு கிடைக்கறது கஷ்டம் போல இருக்குப்பா. இங்க பெரிய ப்ராஜெக்ட். ராத்திரி பகலா ஓடறது. இங்கேயே கோவில்ல ஏதாவது பண்ணிடலாம்னு பாக்கறேன்."

என் திரையில் ஆட்டம் நின்று ஒரு பெயிண்ட் விளம்பரம் வந்தது. சிறு பெண் ஒருத்தி பாடுவாள், ஒரு நாய் குரைக்கும். பாடினாள், குரைத்தது, முடிந்தது. முடிந்து சில விநாடிகள் கழித்து, என் காதில் இருந்த ஃபோனுக்குள், அவன் பேச்சுக்குப் பின்னால், அதே பெண் பாடத் தொடங்கினாள். பிறகு அதே நாய் குரைத்தது.

படம் இங்கிருந்து அங்கே போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகும். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். நான் ஒரு கருத்தை ஆதாரம் இல்லாமல் எழுதியதில்லை. வேறு யாராவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று அதுவரை அவனுக்குச் சாதகமாகவே எண்ணிவந்தேன். அதன்பின் எண்ணுவதற்கு இடமில்லை. அவன் அலுவலகத்தில் இல்லை. வீட்டில், தொலைக்காட்சிக்கு முன்னால், நான் அனுப்பும் கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு, தாயாரின் திவசத்துக்கு வர நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"சரி" என்றேன். "வேலையைப் பார்."

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதை நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்திருக்கும். மகனைப் பொய்யன் என்று சொல்லும் இடத்துக்கு என்னை நான் கொண்டுவர விரும்பவில்லை. தெருவில், அவனுக்கு அங்கே பெரிய பொறுப்பு, இரவு பகலாக வேலை, விடுப்புக் கொடுக்க மறுக்கிறார்கள் என்று சொன்னேன். இரவு பகலாக என்ற சொற்கள் அவனுடையவை. அவற்றை அப்படியே எடுத்துக் கொடுத்தேன்.

திவசத்தை நானே செய்வது என்று ஆயிற்று. எங்கள் குடும்பப் புரோகிதரான வாத்தியார் என்னைவிட மிகவும் இளையவர். ஆனால் முறையில் விட்டுக்கொடுக்கமாட்டார்.

"மாமா, கர்த்தா அவனாக்கும். அவன் இருக்கறப்போ நீங்களா எடுத்துப் பண்ணப்பிடாது. 'எனக்காக நீங்க பண்ணுங்கோ'ன்னு அவன் வாயால ஒரு வார்த்தை வரணும். அந்தக் காலத்துல தர்ப்பையைக் குடுத்து அனுப்புவா. இப்போ ஃபோன் இருக்கே. சங்கல்பத்துக்கு முன்னாடி ஸ்பீக்கர்ல போடுங்கோ, நான் கேட்டுக்கறேன். மதி."

அவர் தகப்பனார் காலத்திலிருந்தே அவர்கள் அப்படித்தான் செய்துவருகிறார்கள். நான் மகனுக்கு நாளையும் நேரத்தையும் எழுதி, அந்த நேரத்தில் ஃபோனை எடுத்து இந்த ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்று செய்தி அனுப்பினேன். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அன்று காலை கூடத்தைக் கழுவி, கோலமில்லாமல் விட்டு, இலைகளும் எள்ளும் எடுத்துவைத்துத் தயாராக இருந்தோம். சமையலுக்கு அமர்த்தியிருந்த மாமி அடுக்களையில் வேலையாக இருந்தாள். சாப்பிட வரிக்கப்பட்ட இரண்டு பிராமணர்களும் வந்துவிட்டார்கள். உதவிக்கு என்று எதிர்வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்திருந்தார். பக்க அறையின் கதவைச் சாத்தியிருந்தேன். கம்ப்யூட்டரை நிறுத்தவில்லை. நிறுத்துவது என்றால் அவனிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். அப்படிச் சொல்வது வேறு பேச்சில் போய் முடியும். சத்தத்தை அறவே அடைத்துவிட்டு, திரையை மட்டும் அணைக்காமல் விட்டுவிட்டேன். அலறியது என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாத்தியார் நேரம் பார்த்துத் தலையசைத்தார். நான் ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அழைத்தேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி அழைத்தேன். அதுவும் அப்படியே.

"அங்க இப்போ ராத்திரியாக்கும்" என்றார் வாத்தியார். "தூங்கியிருப்பன்."

"தூங்கறதா" என்றார் எதிர்வீட்டுக்காரர். "ராத்திரி பகலா ஜோலின்னாரே. ஆபீஸ்லதான் இருப்பன், பாவம்."

"நேரம் போறதே மாமா. இன்னொருதரம் பாருங்கோ. ஒரு பலகை குறையறது, உள்ள இருக்கா?"

பலகை பக்க அறையில் இருந்தது. நான் எழுவதற்கு முன் எதிர்வீட்டுக்காரர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போனவர் உடனே திரும்பவில்லை. பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

"ஓய், உள்ள டிவி ஓடறதே. ஆருமில்லை, சானல் தானா மாறறது. இப்போ கிரிக்கெட், நான் பாத்துண்டிருக்கறச்சயே பாட்டு. என்ன கண்கட்டாக்கும் இது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாத்தியார், இரண்டு பிராமணர்கள், அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்ற மாமி. பொய் சொல்ல எனக்கு அவகாசம் இருந்தது. கோளாறு என்று சொல்லியிருக்கலாம். சுத்தமாகக் குளித்து, ஈரம் உலராத வேட்டியோடு அவளுக்காக உட்கார்ந்திருந்த இடத்தில் அது வாயில் வரவில்லை.

"என் பிள்ளை பார்க்கிறான்" என்றேன். "அமெரிக்காவிலிருந்து. நான்தான் பொருத்திக் கொடுத்தேன்."

எதிர்வீட்டுக்காரர் பலகையைக் கீழே வைத்தார். அதை அவர் சத்தமில்லாமல் வைத்ததுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மூன்றாம் முறையும் அழைத்தேன். எடுக்கவில்லை. வாத்தியார் சங்கடத்தோடு இலையைத் திருப்பித் திருப்பி வைத்தார். நேரம் கடந்துகொண்டிருந்தது. அவன் சொல் இல்லாமல் அவர் தொடங்கமாட்டார். தொடங்காவிட்டால் அவளுடைய முதல் திவசம் நின்றுபோகும். அந்த ஒரு வார்த்தையை வரவழைக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்திருந்தது. ஓராண்டு காலம் ஒருமுறைகூடத் தவறாத வழி.

எழுந்து பக்க அறைக்குப் போனேன். பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் போகும் சுவிட்சை அணைத்தேன். எறியவில்லை, உடைக்கவில்லை. வீட்டில் விளக்கை அணைப்பதுபோல் அணைத்தேன். திரும்பி வந்து பலகையில் உட்கார்ந்து, ஃபோனை எனக்கும் வாத்தியாருக்கும் நடுவில் வைத்தேன்.

மாமி அடுப்பைக் கவனிக்கப் போய்த் திரும்புவதற்குள் ஃபோன் அடித்தது. நான் கையை நீட்டுவதற்குள், ஸ்பீக்கரில் கேட்க வேண்டியவரான வாத்தியார் பொத்தானைத் தொட்டுவிட்டார்.

"அப்பா, டிவி நின்னுபோச்சு. மாட்ச் கடைசி ஓவர். சட்னு ஒருதரம் ரீஸ்டார்ட் பண்ணுங்கோளேன்."

கூடத்தில் அந்தக் குரல் நன்றாகக் கேட்டது. எங்கள் கூடத்தில் எதுவும் நன்றாகக் கேட்கும்.

வாத்தியார்தான் பேசினார். "நமஸ்காரம். நான் வாத்தியார் பேசறேன். இன்னிக்கு உங்க அம்மா திதி. அப்பா உங்களுக்காகப் பண்ணப்போறார். 'எனக்காக நீங்க பண்ணுங்கோ'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. நேரமாறது."

அந்தப் பக்கம் பின்னால் குழந்தையின் குரல் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. யாரோ அதை அடக்கினார்கள். பேரனின் குரலை அப்போதுதான் கேட்டேன்.

"எனக்காக நீங்க பண்ணுங்கோப்பா" என்றான் மகன்.

அவன் குரல் உடைந்திருந்ததா, பயந்திருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. ஃபோன் ஸ்பீக்கரில் எல்லாக் குரலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். "சரி" என்றேன். வாத்தியார் ஃபோனை அணைத்துத் தள்ளிவைத்தார். என் விரலில் தர்ப்பைப் பவித்திரத்தைப் போட்டுவிட்டார். தலைத் திவசம் அதற்குரிய நேரத்துக்குள், ஒன்றும் விட்டுப்போகாமல் நடந்தேறியது. பிராமணர்கள் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் கடைசிவரை இருந்து இலைகளை எடுத்துப் போட்டுவிட்டுப் போனார். போகும்போது ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. என்னிடம் சொல்லாததை வேறிடங்களில் சொல்லியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

அன்று மாலை பக்க அறைக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டேன். அவன் கேட்டது அது. அவன் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டான், நானும் கொடுக்க வேண்டும். பெட்டி வழக்கம்போல் சற்று நேரம் யோசித்து, கேபிள்காரரின் சொந்த விளம்பரங்கள் ஓடும் அலைவரிசையில் வந்து நின்றது. நகைக்கடை, கல்யாண மண்டபம், நாளை குடிநீர் வராத இடங்கள். பச்சை விளக்கு நின்று எரிந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது.

மறுநாள் காலை காப்பியோடு போய் உட்கார்ந்தேன். நகைக்கடை. அதற்கு மறுநாளும் அதுவே. கார்ட்டூன் வரவில்லை, தொடர் வரவில்லை, கிரிக்கெட் வரவில்லை. வயர் ஏதாவது கழன்றிருக்குமோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதுவும் கழலவில்லை. பெட்டி கெட்டிருந்தால் அவன் ஃபோன் வந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்காக அழைக்கிறான். சாப்பிட்டேளா, மருந்து வாங்கினேளா, முழங்கால் எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்கிறான். நானும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். டிவியைப் பற்றி அவனும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. அந்தப் பெட்டிக்கும் சந்தா கட்டிவருகிறேன். இரண்டாவது பெட்டியை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேபிள்காரர் கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

காலையில் இன்னும் அங்கேதான் உட்காருகிறேன். கல்யாண மண்டபமும் நகைக்கடையும் எனக்கு மனப்பாடம். சலிப்பாக இருந்தால் நானே வேறு அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ளலாம். ரிமோட் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை. நான் மாற்றினால், அவன் எப்போதாவது மாற்றினானா என்பது எனக்குத் தெரியாமல் போய்விடும்.